ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு கதவு

கொரிய மொழியில் 'பாங்' என்றால் அறை. 'நொரே' என்றால் பாட்டு. இரண்டையும் சேர்த்தால் நொரேபாங், பாட்டறை. கொம்பியூட்டர் கேம் விளையாடும் இடம் பிசி பாங். படம் பார்க்க டிவிடி பாங். கொமிக்ஸ் வாசிக்க மன்ஹ்வாபாங். வேர்த்துக் குளித்துவிட்டு இரவு முழுக்க நிலத்தில் படுத்துக் கிடக்க ஜிம்ஜில்பாங். கே-ட்ராமா பார்க்கிற ஆக்களுக்கு இதுகள் ஒன்றும் புதிதில்லை. காதல் முறிந்த கையோடு ஒருத்தன் தனியப் போய்க் கத்திப் பாடுகிற இடமும், வீட்டில் சண்டை பிடித்துக்கொண்டு வெளிக்கிட்டவள் துவாயைச் செம்மறியாட்டுத் தலை மாதிரிச் சுற்றிக் கட்டிக்கொண்டு முட்டை உடைத்துச் சாப்பிடுகிற இடமும் இவைதான்.

இந்த அறைகளைப் பற்றிக் கதைக்கிற ஆட்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒரு வகையினர் பயண வீடியோ போடுகிறவர்கள். அவர்களுக்கு எல்லாமே கியூட், எல்லாமே மலிவு, எல்லாமே 'கட்டாயம் போகவேண்டிய 10 இடங்கள்'. மற்றவர்கள் கவலைப்படுகிறவர்கள். கொரியாவில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான வீடுகளில் ஒரே ஒரு ஆள்தான் வசிக்கிறார், தனியச் சாப்பிடுகிறார்கள், தனியக் குடிக்கிறார்கள், இப்ப தனியப் பாடவும் வெளிக்கிட்டுவிட்டார்கள், நவீன வாழ்க்கை மனிசரைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டது என்று எழுதுவார்கள். இந்த இரண்டு வகையினரும் அறைக்குள் நடக்கிறதைத்தான் பார்க்கிறார்கள். அங்கே வருகிற ஆள் எந்த வீட்டிலிருந்து வருகிறார், காசு முடிந்ததும் எங்கே திரும்பிப் போகிறார் என்று கேட்பதில்லை. எங்களுக்கு இது முழுக்க முழுக்க வீட்டுப் பிரச்சினையாகத்தான் தெரிகிறது. கதவு யாருடைய கையில் இருக்கிறது என்கிற பிரச்சினை.

மாணவர் பரிமாற்றத் திட்டமொன்றில் இரண்டு கிழமை சியோலில் நின்றோம். கலைப்பீடத்திலிருந்து நாலு பேர், இரண்டு பெண்கள், இரண்டு ஆண்கள். எங்களைக் கூட்டிக்கொண்டு திரிய அங்கத்தைய மாணவி ஒருவரை விட்டிருந்தார்கள். கண்ட உடனே வயதைக் கேட்டார். எங்களைவிட ஒரு வயது கூட. அந்த நிமிடத்திலிருந்து எங்களில் பெண்களுக்கு அவர் 'ஒன்னி', ஆண்களுக்கு 'நூனா'. எங்கட 'அக்கா' அங்கே கூப்பிடுகிற ஆள் பெண்ணா ஆணா என்பதைப் பொறுத்து இரண்டாகப் பிரிகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். சரியான பெயரை இங்கே போடவில்லை, ஒன்னி என்றே எழுதுகிறோம்.

பல்கலைக்கழகங்கள் நெருங்கிக் கிடக்கிற சின்ச்சொன் பக்கம் ஒரு பின்னேரம் நடந்தபோது ஒன்னி ஒரே கட்டடத்தின் பெயர்ப்பலகைகளைக் கீழிருந்து மேலாக வாசித்துக் காட்டினார். நிலத்துக்குக் கீழே காசு போட்டுப் பாடுகிற நொரேபாங். அதுக்கு மேலே 24 மணித்தியாலக் கடை, இறைச்சி சுடுகிற சாப்பாட்டுக் கடை, பிசி பாங், மேல்தட்டில் படிப்பறை. "இந்தக் கட்டடத்தை விட்டு வெளியே வராமலே ஒரு நாளைக் கழிக்கலாம்," என்றார். வீட்டில் இருக்கவேண்டிய விறாந்தை, குசினி, படிக்கிற மேசை, விளையாடுகிற மூலை எல்லாம் தனித்தனியாகக் கழற்றப்பட்டு, ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, மணித்தியாலக் கணக்கில் வாடகைக்குக் கிடக்கிற மாதிரி எங்களுக்குப் பட்டது.

காசு போட்டுப் பாடுகிற நொரேபாங் மிகச் சின்னது. டெலிபோன் பூத்தைவிடக் கொஞ்சம் பெரிது என்று சொல்லலாம். இரண்டு ஸ்டூல், ஒரு திரை, இரண்டு மைக், நம்பர் அடிக்க ஒரு ரிமோட். மைக்குக்குப் போட மெல்லிய உறை, கிருமிக்காக. 1000 வொன் தாளை இயந்திரத்துக்குள் விட்டால் இரண்டு மூன்று பாட்டுப் பாடலாம். எங்கட காசுக்கு 200 ரூபாவுக்குக் கொஞ்சம் மேல். காசை வாங்க ஆள் இல்லை, முகத்தைப் பார்க்க ஆள் இல்லை. பாட்டு முடிந்ததும் எக்காளம் ஊதி இயந்திரம் புள்ளி போடும். எங்களில் ஆகக் கேவலமாகப் பாடின ஆளுக்கு 97 கிடைத்தது. சத்தம் இருந்தால் போதும் போல. தமிழ்ப் பாட்டு ஒன்றும் அந்த மெசினில் இல்லை. அதனால் எங்களில் ஒருத்தர் ஏதோ ஒரு ஆங்கிலப் பாட்டின் இசையை ஓடவிட்டு அதுக்கு மேலே தனக்குத் தெரிந்த குத்துப்பாட்டைப் பாடினார். அதுக்கும் 90க்கு மேல்.

பக்கத்து அறையில் ஸ்கூல் பாக்கைக் காலுக்குள் வைத்துக்கொண்டு ஒரு பெடியன் தனிய நின்று பாடிக்கொண்டிருந்தான். காதல் தோல்விப் பாட்டு. கண்ணை மூடி, கழுத்து நரம்பு புடைக்கப் பாடினான். எங்களில் ஒருத்தர் "பாவம்" என்றார். ஒன்னிக்கு மொழிபெயர்த்துச் சொன்னோம். அவர் சிரித்தார். "ஏன் பாவம்? வீட்டில் பாடினால் அம்மா கேட்பார், என்ன நடந்தது, யார் அந்தப் பெட்டை என்று. மேல்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். இங்கே ஒருத்தரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்." இப்படித் தனியப் போய்ப் பாடுவதற்கு அங்கே 'ஹொன்கொனோ' என்று சுருக்கப் பெயரே இருக்கிறது.

எங்களுக்கும் அவர் சொன்னது சரியென்றுதான் பட்டது. கேவலமாகப் பாட ஒரு இடம் வேண்டும். கேவலமாகப் பாட முடியாத ஆள் பிறகு நல்லாகவும் பாடமாட்டார். அழுகைக்கும் அப்படித்தான். யாரும் பார்க்காத, யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லாத அரை மணித்தியாலம் ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்குத் தேவையில்லை என்று சொல்கிறவர்கள் தங்கட பதினாறு வயதை மறந்திருக்கவேண்டும்.

இந்த அறைகள் வந்த கதையும் சுவாரசியமானது. கரோக்கி ஜப்பானில் தொடங்கியது. முதலில் அது மதுக்கடைகளில் முன்பின் தெரியாத ஆட்களுக்கு முன்னால் எழும்பி நின்று பாடுகிற விஷயம். 1985 இல் ஒகயாமாவில் பழைய சரக்குக் கொள்கலன் ஒன்றை அறையாக்கி, சிநேகிதர் மட்டும் இருந்து பாட வாடகைக்கு விட்டார்கள். அதிலிருந்து வந்ததுதான் 'கரோக்கி பெட்டி'. கடல் தாண்டிக் கொரியாவுக்கு அது வந்தது 1991 இல், ஜப்பானுக்குக் கிட்டவுள்ள துறைமுக நகரமான பூசானுக்கு. கொஞ்ச வருடத்திலேயே நாடு முழுக்கப் பரவிவிட்டது. பிசி பாங்குக்குப் பின்னால் வேறொரு கதை. 1997 இல் ஆசிய நிதி நெருக்கடியில் கொரியா விழுந்தது. சர்வதேச நாணய நிதியம் வந்தது. வேலை போன நடுத்தர வயதுக்காரர் பலர் கிடைத்த நட்டஈட்டுக் காசைப் போட்டு வரிசையாகக் கொம்பியூட்டர் வாங்கி வைத்துக் கடை திறந்தார்கள். அடுத்த வருடம் 'ஸ்டார்கிராப்ட்' விளையாட்டு வந்தது. அப்பாமார் வேலை இழந்து திறந்த கடைகளில் பிள்ளைகள் விளையாடப் பழகினார்கள். இன்றைக்குக் கொரியா ஈ-ஸ்போர்ட்ஸில் உலகத்துக்கே முன்னால் நிற்பதற்கு அந்த நெருக்கடிக்கும் பங்கிருக்கிறது. நாணய நிதியம் என்ற சொல்லைக் கேட்டு வளர்கிற எங்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் உறைத்தது.

சரி, வீடு எப்படி? கொரியாவில் கலியாணம் வரைக்கும் தாய் தகப்பனோடு இருப்பது சாதாரணம். அந்த வகையில் எங்களைப்போலத்தான். வீடென்பது பெரும்பாலும் தொடர்மாடி. கூரைக்கு மேலே ஒரு குடும்பம், நிலத்துக்குக் கீழே ஒரு குடும்பம். மாடிக்கு மாடி கேட்கிற சத்தத்தால் வருகிற சண்டையைத் தீர்க்க அரசாங்கமே ஒரு சமரச நிலையம் நடத்துகிறதென்றால் பாருங்கோவன். தனியப் போய் இருப்பமென்றால் காசு வேண்டும். 'ஜொன்செ' என்றொரு முறை உண்டு. மாத வாடகை இல்லை, ஆனால் வீட்டுப் பெறுமதியில் பாதிக்கும் மேலான தொகையை மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்துவைக்கவேண்டும், வெளிக்கிடும்போது திருப்பித் தருவார். மாத வாடகைக்கு எடுக்கிற ஒற்றை அறைக்கும் பல்கலைக்கழகத்தைச் சுற்றி 1 கோடி வொன் முற்பணமாகக் கேட்பது வழமை. எங்கட காசுக்கு 20 இலட்சத்துக்கு மேல். எந்த மாணவரிடம் இருக்கு?

முற்பணம் இல்லாதவர்களுக்குக் கொஷிவொன் இருக்கிறது. அரசாங்கப் பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் கொஞ்சக் காலம் அடைந்து கிடப்பதற்கென்று வந்த இடம் அது. ஒரு கட்டில், ஒரு மேசை, கையை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் முட்டும். சோறும் கிம்ச்சியும் பொதுக் குசினியில் சும்மா கிடைக்கும். இப்ப அங்கே இருப்பவர்களில் படிக்கிறவர்கள் குறைவு. நாட்கூலிக்காரர், வயதானவர், ஊரிலிருந்து வேலை தேடி வந்த இளம் ஆட்கள். அதுக்கும் கீழே ஜொக்பாங். 'ஜொக்' என்றால் துண்டு, துண்டறை. சியோல் ரயில் நிலையத்துக்கு எதிரே, வானைத் தொடுகிற கட்டடங்களின் நிழலில், ஒரு ஆள் படுத்தால் நிரம்பிவிடுகிற துண்டுகள்.

அதுவும் 'பாங்', நொரேபாங்கும் 'பாங்'. பயண வீடியோக்காரர்கள் சொல்லைப் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

2018 நவம்பரில் சியோலின் நடுவே ஜொங்னோவில் ஒரு கொஷிவொன் தீப்பிடித்தது. 7 பேர் இறந்தார்கள். தண்ணீர் தெளிக்கிற தீயணைப்புக் கருவி இல்லாத பழைய கட்டடம். அந்தக் கட்டடத்தில் யன்னல் இருக்கிற அறைக்கு மாதம் சில பத்தாயிரம் வொன் கூடுதலாக வாங்கியிருக்கிறார்கள். யன்னல் இருந்தவர்களில் சிலர் அதால் வெளியே இறங்கித் தப்பினார்கள்.

யன்னல் பற்றி இன்னொன்றும் சொல்லவேண்டும். நாங்கள் போன நொரேபாங் கதவில் பெரிய கண்ணாடி இருந்தது. அலங்காரத்துக்கு என்று நினைத்தோம். சட்டம் என்றார் ஒன்னி. வெளியே நின்று பார்த்தால் உள்ளே தெரியவேண்டும், கதவில் பூட்டு இருக்கக்கூடாது, மது விற்கக்கூடாது. இரவு 10 மணிக்குப் பிறகு பதின்ம வயதுப் பிள்ளைகள் உள்ளே நிற்கக்கூடாது. பிசி பாங்குக்கும் அதே 10 மணிதான். டிவிடி பாங் பக்கம் அவர்கள் தலைவைத்தே படுக்கக்கூடாது. 2023 இல் 'ரூம் கஃபே' என்று ஒன்றைச் சுற்றிப் பெரிய அமளி. மெத்தை, தலையணை, டிவி வைத்து, சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்து வாடகைக்கு விடுகிற கஃபே அது. பள்ளிப் பிள்ளைகள் சோடி சோடியாகப் போகிறார்கள் என்று பத்திரிகைகள் கொதித்தன. அமைச்சு தலையிட்டது. மூடின அறையென்றால் பிள்ளைகளுக்குத் தடை, பிள்ளைகளை விடவேண்டுமென்றால் உள்ளே தெரிய வேண்டும் என்று விதி போட்டார்கள்.

ஒரு அறையில் உள்ளே இருப்பவர் வெளியே பார்க்க யன்னல் வேண்டுமென்றால் கூடுதல் காசு. இன்னொரு அறையில் வெளியே இருப்பவர் உள்ளே பார்க்க யன்னல் கட்டாயம், சட்டம். இதை வைத்து அன்றிரவு விடுதியில் எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். ஆண்கள் இரண்டு பேரும் ஒரே பிடியாக நின்றார்கள்: இது கலாசாரக் காவல்தான், ஊருக்கு ஊர் சீருடை மட்டும் வேறு, இளம் ஆட்கள் கதவைச் சாத்தினாலே பெரியாக்களுக்குச் சந்தேகம் வந்துவிடும், பிள்ளைகளுக்கு வீட்டிலும் இடமில்லை, காசு கொடுத்து எடுத்த இடத்திலும் நிம்மதி இல்லை. பெண்கள் இரண்டு பேரும் இதை முழுசாக மறுக்கவில்லை. ஆனால் ஒருத்தி கேட்டாள்: "கண்ணாடி இல்லாத, உள்ளே என்ன நடக்குதெண்டு ஒருத்தருக்கும் தெரியாத ஒரு ரூமுக்குள்ள, ஐஞ்சாறு ஆம்பிளையளோட நீ போவியா? நான் போகமாட்டன்."

இந்தக் கேள்வி வெறும் பயத்திலிருந்து வந்ததில்லை. கொரியாவில் 'ஹ்வேஷிக்' என்று கந்தோர்க்காரர் சேர்ந்து சாப்பிடுகிற வழக்கம் இருக்கிறது. முதலாம் சுற்று சாப்பாடும் குடியும். இரண்டாம் சுற்று பல வேளைகளில் நொரேபாங். மேலதிகாரி குடித்திருப்பார், புதிதாகச் சேர்ந்த பெண் மைக்கைப் பிடித்துப் பாடவேண்டும், கூட நின்று ஆடவேண்டும், மாட்டேன் என்றால் 'சூழலைக் கெடுக்கிறவள்'. 2018 இல் அங்கே மீடூ எழுந்தபோது இந்த இரண்டாம் சுற்றும் சேர்ந்துதான் பேசப்பட்டது. நொரேபாங்குகளுக்குக் காசுக்குப் பெண்களை வரவழைப்பது சட்டவிரோதம். சட்டம் போட வேண்டி வந்ததே அது நடந்தபடியால்தான். அதே பாட்டு, அதே மைக், அதே டம்பரின். பள்ளிக்கூடப் பெடியனுக்கு விடுதலையாக இருக்கிற கதவு, அந்தப் பெண்ணுக்குப் பின்னால் சாத்தப்படுகிற கதவு.

2016 மே 17 அதிகாலை, கங்னாம் நிலையத்துக்குப் பக்கத்தில், நொரேபாங் இருந்த ஒரு கட்டடத்தின் பொதுக் கழிவறையில் இளம் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். கொன்றவனுக்கு அவரை யாரென்றே தெரியாது. முதலில் வந்துபோன ஆண்களை விட்டுவிட்டு, உள்ளே வந்த முதல் பெண்ணுக்காகக் காத்து நின்றிருக்கிறான். பெண்கள் தன்னை மதிக்கவில்லை என்று பொலிசிடம் சொன்னான். நிலையத்தின் 10ஆம் இலக்க வாசல் முழுக்கப் பெண்கள் சின்னச் சின்னக் குறிப்புத் தாள்களை ஒட்டினார்கள். தாங்கள் உயிரோடு இருப்பது தற்செயல்தான் என்பது அவற்றில் திரும்பத் திரும்ப வந்தது. 2018 இல் ஒளித்துவைக்கிற கமராக்களுக்கு எதிராகப் பல்லாயிரக்கணக்கான பெண்கள் ஹெஹ்வா நிலையத்தடியில் கூடினார்கள். அடுத்த வருடம் மார்ச்சில், பல நகரங்களில் மோட்டல் அறைகளுக்குள் கமரா ஒளித்துவைத்து ஏறக்குறைய 1,600 பேரை இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பிய ஆட்கள் பிடிபட்டார்கள். பூட்டுப் போட்ட அறை, காசு கொடுத்து எடுத்த அறை, கதவில் கண்ணாடியும் இல்லை. ஆனால் யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பழைய கொரிய வீட்டிலும் இரண்டு 'பாங்' இருந்தது. முன்பக்கம் சராங்பாங், வீட்டு ஆண்கள் இருந்து வாசிக்கவும் விருந்தாளியோடு கதைக்கவும். பின்பக்கம் ஆன்பாங், பெண்களுக்கு. எங்கட பழைய நாற்சார் வீடுகளின் திண்ணையையும் உள்வீட்டையும் நினைத்துக்கொள்ளலாம். ஒருவருக்கு அறையென்பது விரும்பினால் போய் இருக்கிற இடம், இன்னொருவருக்கு அதை விட்டு வெளியே வராமல் இருக்கிற இடம். ஆகவே தனிவெளி என்று பொதுவாகச் சொல்லி அதைக் கொண்டாடுவதில் எங்களுக்கு உடன்பாடில்லை.

அந்த இரவு வாக்குவாதத்தில் கடைசியாக ஒத்துக்கொண்ட இடம் இதுதான்: கண்ணாடி இருப்பதா இல்லாமல் விடுவதா என்பது இரண்டாவது கேள்வி. உள்ளே இருக்கிற ஆள் தான் நினைத்த நேரம் கதவைச் சாத்தவும் தான் நினைத்த நேரம் திறந்துகொண்டு வெளியே போகவும் முடியுமா என்பதுதான் முதல் கேள்வி. காசு போடுகிற நொரேபாங்கில் எங்களில் பெண்களுக்குப் பிடித்ததும் அதுதான். வெளிச்சம் இருக்கிறது, மது இல்லை, 'வாங்கோ தங்கச்சி' என்று இளிக்கிற முதலாளி இல்லை, எழும்பிப் போனால் யாரும் கோவிக்கமாட்டார்கள். பிறகு வந்த நாட்களில் அவர்கள் இரண்டு பேரும் ஆண்களைக் கூப்பிடாமல் தனியப் போய்ப் பாடிவிட்டு வந்தார்கள். என்ன பாடினார்கள் என்று இன்றுவரை சொல்லவில்லை.

கொரோனாக் காலத்தில் முதலில் மூடப்பட்டவற்றில் இந்தச் சின்ன அறைகளும் இருந்தன. 2020 மே மாதம் சியோல் நகர நிர்வாகம் காசு போடுகிற நொரேபாங்குகளைப் பூட்டச் சொன்னது. காற்றோட்டம் இல்லாத பெட்டி, நியாயமான முடிவுதான். ஒன்னி அப்போது பள்ளிக்கூடத்தில் படித்தவர். "பாட முடியாததுகூடப் பரவாயில்லை, வீட்டை விட்டுப் போக ஒரு இடமும் இல்லாமல் போனது," என்றார். லொக்டவுனில் குளியலறைக்குள் தண்ணியைத் திறந்துவிட்டு அழுத ஆட்கள் எங்கட பக்கமும் இருக்கினம். அவர்களுக்கு இது விளங்கும்.

திரும்ப இரண்டு நாள் இருக்கும்போது அன்சானுக்குப் போனோம். சியோலிலிருந்து நாலாம் இலக்க மெட்ரோவில் தெற்கே போகவேண்டும். சுற்றிவரத் தொழிற்சாலைகள். வொன்கொக் தெருவுக்குள் இறங்கினால் கொரியாதானா என்று சந்தேகம் வரும், அத்தனை நாட்டு எழுத்தும் பெயர்ப்பலகையில் இருக்கும். 2004 இலிருந்து இலங்கை கொரியாவுக்கு ஒப்பந்த அடிப்படையில் தொழிலாளரை அனுப்புகிறது. 'கொரியா எக்ஸாம்' எடுக்க கிளாஸுக்குப் போகிற ஒரு அண்ணாவாவது எல்லாற்ற ஊரிலும் இருப்பார். அப்படிப் போன அண்ணா ஒருத்தரை அங்கே சந்தித்தோம். வன்னிப் பக்கம். ஒரு உலோகத் தொழிற்சாலையில் வேலை. நாலு வருடமாக இருக்கிறார்.

அவர் படுக்கிறது தொழிற்சாலை வளவுக்குள் வைத்திருக்கிற கொள்கலன் ஒன்றில், இன்னும் மூன்று பேரோடு. ஒகயாமாவில் பாட்டுக்கு வாடகைக்கு விட்ட அதே சாமான்தான் இங்கே வீடு. பகல் ஷிப்ட் ஆட்கள் வந்து படுக்கும்போது இரவு ஷிப்ட் ஆட்கள் எழும்புவினம். வேலை இடத்தை மாற்றுவது லேசில்லை. முதலாளி சம்மதிக்கவேண்டும், இல்லையென்றால் அவர் பிழை விட்டார் என்று தொழிலாளி நிரூபிக்கவேண்டும். 2020 டிசம்பரில் பொச்சொனில் ஒரு கம்போடியப் பெண் தொழிலாளி, பயிர்ச்செய்கைக்குப் போடுகிற பிளாஸ்ரிக் கூடாரத்துக்குள் அமைத்த தங்குமிடத்தில், கடும் குளிர் நாளொன்றில் இறந்துபோனார். அதுக்குப் பிறகு அப்படியான தங்குமிடங்களைப் பற்றி விதிகளை இறுக்கினார்கள். அண்ணா இருக்கிற இடத்தில் ஹீட்டர் வேலை செய்கிறதாம். "அந்தக் குறை இல்ல," என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன செய்வீங்கள் என்று கேட்டோம். சாமான் வாங்குவார், கோழிக் கறி வைப்பார்கள், பிறகு நொரேபாங்குக்குப் போவாராம். எங்களுக்கு ஒரே புளுகம். என்ன பாட்டு அண்ணா பாடுவீங்கள், தமிழ்ப் பாட்டு அங்க இருக்கா என்று கேட்டோம்.

"பாடுறதோ? நான் எங்க பாடுறன். வீட்டோட கதைக்கப் போறது."

கொள்கலனுக்குள் மனிசியோடு வீடியோ கோல் எடுத்தால் மற்ற மூன்று பேருக்கும் கேட்கும். இரண்டு பேர் சிங்களப் பெடியள், ஒருத்தர் நேபாளம். நல்ல பெடியள்தான், தமிழும் விளங்காது, ஆனால் ஒருத்தர் படுத்திருக்கும்போது பக்கத்தில் இருந்து என்னத்தைக் கதைக்கிறது? வெளியே போனால் குளிர். கஃபேயில் இருந்தால் எல்லாரும் பார்ப்பார்கள். நொரேபாங்கில் சத்தம் வெளியே போகாது. மைக்கைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, போனைத் திரைக்குக் கீழே சாய்த்துவைத்துக் கதைப்பார். 5000 வொன்னுக்கு நல்ல நேரம் கிடைக்கும் என்றார். கண்ணாடியால் யாராவது பார்க்கமாட்டார்களா என்றதுக்கு, "பார்த்தா என்ன, நான் பாடுறன் எண்டுதானே நினைப்பாங்கள்," என்றார்.

மூத்த மகளுக்கு ஆறு வயது. அப்பா ஒரு கலர் லைற் சுத்துகிற வீட்டில்தான் இருக்கிறார் என்று அவள் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறாளாம். இன்னும் எவ்வளவு நேரம் மிச்சம் என்று திரையில் ஓடிக்கொண்டிருக்கும். கடைசி நிமிடம் வந்தால் அந்தப் பக்கம் மனிசிக்கும் தெரியும், ஏனென்றால் அப்போது இவர் கதைக்கிற வேகம் கூடிவிடும். "காசு போடாதேங்கோ, போய்ப் படுங்கோ" என்று மனிசி சொல்லும். இவர் போடுவார். சில நாளைக்கு.